துணி காய ஓர் இடம் கேட்டேன்

சபையார் எல்லாருக்கும் வணக்கம். ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முழுச் சுகம் கிடைக்கவில்லை. இதை எழுதுகிற இந்த 1986-ஆம் வருஷத்திலும் நான் துணி கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். பலமாக இருமினால் நனைவேன். பாரம் தூக்கினால் நனைவேன். போதகர் ஐயா என்னைச் சாட்சி எழுதச் சொன்னபோது, "கடைசியில பூரண சுகமாயிட்டேன்னு ஒரு வரி சேர்த்துக்கம்மா, படிக்கிறவங்களுக்கு விசுவாசம் கூடும்" என்றார்.

"பொய்யில கூடுற விசுவாசம் கர்த்தருக்கு எதுக்குங்கய்யா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சரி, உள்ளதையே எழுது" என்றார். எழுதுகிறேன். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் கேட்ட முதல் ஜெபத்தை அல்ல, அதற்கு அப்புறம் கேட்டதை.

என் பெயர் லில்லி. மலேசியாவில், நம் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து எடுத்து, அங்கேயே கல்யாணம் முடித்தவள். என் வீட்டுக்காரர் அருள்தாஸ். தேயிலை ஆலையில் அடுப்புக்கு விறகு போடும் வேலை. எங்களுக்கு ஜூலி என்று ஒரு மகள்.

1975 நவம்பரில் எனக்கு இரண்டாவது பிரசவ வலி வந்தது. ஒரு வாரமாக விடாத மழை. பிள்ளை தலை இறங்காமல் நின்றுவிட்டது. ஒரு பகல், ஓர் இரவு, மறுபடி ஒரு பகல். தோட்டத்து லோரியில் என்னை ஏற்றினார்கள். பாதி வழியில் மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்தது. வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் என்னை ஒரு நாற்காலியில் வைத்துச் சேற்றைத் தாண்டித் தூக்கிப்போனார்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. ஆண் பிள்ளை. எனக்குக் காட்டினார்கள். நிறைய முடி இருந்தது.

என் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் படுக்கை நனைந்தது. எழுந்து நின்றேன், கால் வழியாக ஓடியது. அடக்கப் பார்த்தேன். அடக்குவதற்கு உள்ளே எதுவுமே இல்லாததுபோல் இருந்தது. தோட்டத்து மருந்தகத்து டிரசரிடம் போய் வாயைத் திறக்க முடியாமல் திறந்து சொன்னேன். "புள்ள பெத்தவங்களுக்கு கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் லா இருக்கும்" என்று மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நாள் போனது. மாதம் போனது. நிற்கவில்லை.

மழைக்காலம் முடியும்வரை எப்படியோ மறைத்தேன். செடிக்குள் இறங்கினால் எல்லாருமே இடுப்புவரை நனைவோம். அதற்காக எல்லாரும் இடுப்பில் பிளாஸ்டிக் கட்டிக்கொள்வோம். அதற்கு உள்ளே நான் பழைய சாரோங்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டேன். எல்லாரும் ஈரமாக இருந்த இடத்தில் என் ஈரம் தெரியவில்லை. பிப்ரவரியில் வெயில் வந்தது. செடி காய்ந்தது, பெண்கள் எல்லாரும் காய்ந்தார்கள். நான் மட்டும் நனைந்திருந்தேன்.

பிறகு என்ன, வேலைக்கு ஏற்றிப்போகும் லோரியில் ஏறினால் மூக்கைப் பொத்தினார்கள். "மீன் ஏத்துற லோரியாடி இது?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். நான் இறங்கி நடந்தேன். இரண்டு மைல் ஏற்றம். நடந்து போய்ச் சேருவதற்குள் நேரமாகிவிடும், கங்காணி முகத்தைச் சுளிப்பார்.

இந்த மலையில் துணி காய்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பனி, தூறல், மறுபடி பனி. ஒரு நாளைக்குப் பத்துத் துணி துவைப்பேன். இரண்டு காயும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டால் புகை அடித்து ஜூலிக்குக் கண் எரியும். காயாத துணியையே மறுபடி எடுத்துக் கட்டுவேன். தொடை இரண்டும் புண். குளிரில் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உயிர் போய் வரும்.

ஏப்ரலில் தோட்டத்துக் கணக்கரான கிராணி என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"லில்லி, ஒன்கூட கொழுந்து நெரையில நிக்க மாட்டோம்னு பொம்பளைங்க சொல்றாங்க. நீ வீட்டுல இரு. சரியானதும் வா, பார்க்கலாம்."

"எப்ப சரியாகும்னு எனக்கே தெரியலையே கிராணி."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றார். கூலிப் பதிவேடான செக்ரோலில் என் பெயரை வெட்டிவிட்டார்.

சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. ஆனால் மறைத்தால் சாட்சி அரைகுறையாகிவிடும். அப்போது நாங்கள் பழைய பலகை வீடொன்றில் பாய் விரித்து ஆராதனை நடத்திக்கொண்டிருந்தோம். பெண்கள் பக்கத்தைக் கவனித்தவர் கிரேஸ் அக்கா. அவர் எனக்காக வாசல் ஓரத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில், ஓர் உரச் சாக்கை விரித்துவைத்தார். "தப்பா நினைக்காதடி, பாயெல்லாம் புதுசு" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. தலையைக் குனிந்து அந்தச் சாக்கில் பல ஞாயிறுகள் உட்கார்ந்தேன்.

எனக்காக ஜெபித்தார்கள். தலையில் கை வைத்தார்கள். நான் உபவாசம் இருந்தேன். "ஏதாவது மறைச்ச பாவம் இருந்தா அறிக்கை பண்ணிரு" என்று காதில் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த பாவத்தை எல்லாம் தோண்டி எடுத்துச் சொன்னேன். சின்ன வயதில் கடையில் மிட்டாய் எடுத்ததைக்கூடச் சொன்னேன். சுகம் வரவில்லை. செத்துப்போகலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. அதையும் மறைக்கவில்லை.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் துணிகளை ஆலைக்கு எடுத்துப்போய், அடுப்பறையின் வெளிச்சுவரில் காயப்போட்டார். உள்ளே நெருப்பு எரிவதால் அந்தச் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். "தேயிலை எல்லாம் நாறிடும்" என்று பிடுங்கிச் சேற்றில் எறிந்தார். வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு வாளியில் போட்டுக் கொண்டுவந்து, என் முன்னால் வைத்தார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை, விடிந்து எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, குழாயடியில் அந்தத் துணிகளைத் துவைத்தேன். சேறு போகவே இல்லை. அடித்து அடித்துத் துவைத்தேன். அப்போது எனக்குள் ஏதோ திரும்பிக்கொண்டது. அழுகை வரவில்லை. கோபம் வந்தது. கையில் துணியோடு நிமிர்ந்து நின்று சத்தமாகவே பேசினேன்.

"ஆண்டவரே, இனி நான் சுகம் கேட்க மாட்டேன். கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. கொடுக்கிறதும் கொடுக்காததும் உம்ம இஷ்டம். இந்தத் துணி காய ஓர் இடம் கொடும். என் பேரு மறுபடி செக்ரோல்ல வரணும். இதைக்கூடச் செய்ய மாட்டேன்னா, நேரா எங்கிட்ட சொல்லும். மத்தபடி, சபையில உட்கார்ற இடத்தை நானே பார்த்துக்குறேன்."

இப்படியா கடவுளிடம் பேசுவது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான். வேறு யாரிடமும் நான் அவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை.

அந்த ஞாயிறு நான் வாசலில் உட்காரவில்லை. நேரே போய் முன் வரிசைப் பாயில் உட்கார்ந்தேன். கிரேஸ் அக்கா குனிந்து, "ஏண்டி, பாய் நனைஞ்சிரும்" என்றார்.

"நனைஞ்சா நான் கழுவித் தர்றேங்க்கா. கழுவுறதுல என்னைவிடக் கெட்டிக்காரி இந்தத் தோட்டத்துலயே கிடையாது."

"எல்லாரும் பார்க்குறாங்கடி."

"பார்க்கட்டும். புள்ள செத்துப் பொறந்ததுல ஒடம்பு கிழிஞ்சு போச்சுக்கா. நான் வேற என்ன தப்பு செஞ்சேன்?"

பாட்டு நின்றுவிட்டது. என் குரல் அறை முழுக்கக் கேட்டிருக்கிறது. நான் எழுந்திருக்கவில்லை. ஆராதனை முடியும்வரை அங்கேயே இருந்தேன். பாய் நனைந்தது. கழுவிக் கொடுத்தேன்.

கர்த்தர் அன்றே பதில் சொன்னார். தானா ராத்தாவிலிருந்து சாந்தா என்று ஒரு பெண் அன்றைக்கு உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவள், எங்கள் ஆராதனைக்கும் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலை. நான் பாயைத் தேய்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து குந்தினாள்.

"அக்கா, இது புள்ள பொறந்ததிலிருந்துதானா?"

"ஆமா."

"ராத்திரி பகல் எந்நேரமும் ஒழுகுதா?"

"ஆமாம்மா."

"இதுக்கு வைத்தியம் இருக்குக்கா. எங்க மிஸ்ஸி சொல்லிக் கேட்டிருக்கேன். நாளைக்கே வாங்க, நான் அழைச்சுட்டுப் போறேன்."

நான் அந்த வாசல் சாக்கிலேயே வாயை மூடி உட்கார்ந்திருந்தால், சாந்தா காதில் எதுவும் விழுந்திருக்காது. வந்த பாட்டுக்குத் திரும்பிப் போயிருப்பாள். இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அந்த மிஸ்ஸி, ஆஸ்பத்திரி நர்ஸ், ஒரு மலாய்க்காரப் பெண். பெயர் ரொகாயா. நான் துணியை அவிழ்க்கத் தயங்கியபோது, "ஜாஙான் மாலு" என்றார். வெட்கப்படாதே என்று அர்த்தம். ஒரு வருஷத்தில் ஒருத்தர்கூட என்னிடம் சொல்லாத வார்த்தை. என்னைத் தொட்டார். மூக்கைச் சுளிக்காமல் தொட்டார். டாக்டர் வந்து பார்த்தார். பிள்ளையின் தலை நெடுநேரம் அழுத்தியதில் மூத்திரப் பைக்கும் பிள்ளை வரும் வழிக்கும் நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் தைக்கலாம் என்று சொன்னார்கள். ஓட்டை! பாவம் இல்லை, சாபம் இல்லை. ஓட்டை. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

ஈப்போவுக்குத் தாப்பா வழியாகப் போய் வரப் பஸ் காசு இல்லை. என் சம்பளம் நின்று மாதங்கள் ஆகியிருந்தன. ரொகாயா மிஸ்ஸி ஒரு போராங்கை எடுத்துத் தானே நிரப்பினார். கஷ்டப்படுகிறவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவிக்கான படிவம் அது. "உன் தோட்டத்துலேருந்து ஒரு கடிதம் வேணும். இந்த நோயால உனக்கு வேலை போச்சுன்னு எழுதி வாங்கிட்டு வா" என்றார்.

கிராணியிடம் மூன்று தடவை போனேன். "இதையெல்லாம் எப்படிம்மா எழுதுறது? தோட்டத்துக்கு மானக்கேடு" என்றார். நான்காவது தடவை ஆபீஸுக்குப் போகவில்லை.

விடியற்காலையில் எல்லாரும் பெரட்டுக்கு வந்து வரிசையாக நின்று பெயர் கொடுப்பார்கள். தோட்டத்து மேனேஜரான துரை வந்து நிற்கிற நாளாகப் பார்த்து நானும் போய் வரிசையில் நின்றேன். போகும் வழியெல்லாம் உதடு ஜெபித்துக்கொண்டே இருந்தது. என் முறை வந்ததும் கிராணி, "ஒன் பேருதான் இல்லையே" என்றார். நான் துரையைப் பார்த்தேன். அவருக்கு எங்கள் தமிழ் நன்றாக வரும்.

"என்னா வேணும்?" என்றார்.

"தொரை, எனக்கு மூத்திரம் நிக்க மாட்டேங்குது. பிரசவத்துல உள்ளே ஓட்டை விழுந்துருச்சு. இது சீக்கு, குத்தம் இல்ல. ஆஸ்பத்திரியில கடிதாசி கேக்குறாங்க. கிராணி தர மாட்டேங்குறாரு."

இருநூறு பேர் நின்றிருந்தார்கள். ஆலை வாசலில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

துரை கிராணியைப் பார்த்தார். "ஏன் குடுக்கல?"

"எழுதக் கூச்சமா இருந்துச்சு தொரை."

"எழுதுற உங்களுக்கே இவ்வளவு கூச்சம்னா, வச்சுக்கிட்டு நடக்குற எனக்கு எப்படி இருக்கும் கிராணி?" என்று நான் கேட்டேன்.

அன்று பத்து மணிக்குக் கடிதம் என் கையில் இருந்தது. துரை தானே கையெழுத்துப் போட்டிருந்தார். வாயைத் திறந்தது திறந்ததுதான் என்று, மற்றதையும் கேட்டேன். நாற்று வளர்க்கும் இடத்தில் குழாய் இருக்கிறது, நிரையில் நடக்க வேண்டாம், அடிக்கடி கழுவிக்கொள்ளலாம், அங்கே வேலை கொடுங்கள் என்றேன். ஆலை அடுப்பறை வெளிச்சுவரில் ஒரு கம்பி கட்ட உத்தரவு கொடுங்கள் என்றேன். மேற்பார்வையாளர் தேயிலை நாறும் என்றார். "கழுவின துணி நாறாது ஐயா. நாறினா மோந்து பார்த்துட்டுத் தூக்கிப் போடுங்க" என்றேன். துரை வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தார் என்று நினைக்கிறேன். "கட்டிக்கோ" என்றார்.

வீட்டுக்காரர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "ஊர் முன்னால என் மானத்தை வாங்கிட்டே" என்றதோடு சரி. நானும் சமாதானம் சொல்லவில்லை. நான்காவது நாள் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரில் அவரே கம்பி கட்டினார். மழை படாமல் மேலே ஒரு தகரமும் அடித்தார். அன்று மாலை பன்னிரண்டு துணி கொண்டுவந்தார். எல்லாம் காய்ந்திருந்தன. சூடாகவே இருந்தன. அந்தச் சூட்டை முகத்தில் வைத்துக்கொண்டு, "கர்த்தாவே, கேட்டீரே" என்றேன்.

அன்றைக்குப் பெரட்டு கலைந்தபோது இன்னொன்றும் நடந்தது. லோரியில் சிரித்தவர்களில் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக என்னிடம் வந்தார்கள். "எனக்கும் இருமுனா வந்துருது லில்லி. யாருகிட்டயும் சொன்னதில்ல" என்றாள் ஒருத்தி. மற்றவள் என் கையைப் பிடித்தாள். அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆறு வாரத்தில் அரசாங்க உதவிக்கு உத்தரவு வந்தது. பெரிய பணம் ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்கும் சோப்புக்கும் புதுத் துணிக்கும் ஆனது. ரொகாயா மிஸ்ஸி ஒரு ரப்பர் விரிப்பும் புண்ணுக்கு மருந்தும் கொடுத்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு காய்ந்த படுக்கையில் தூங்கினேன். நாற்று மேட்டு வேலைக்கு என் பெயரும் செக்ரோலில் ஏறியது.

ஈப்போவில் இரண்டு தடவை ஆபரேஷன் செய்தார்கள். முதல் தடவை மூன்று வாரம் மூத்திரக் குழாயோடு படுத்துக் கிடந்தேன். குழாயை எடுத்ததும் மறுபடி நனைந்தது. அன்று போர்வைக்குள் முகத்தை மூடி அழுதேன். ஆனால் சாக மட்டும் நினைக்கவில்லை. எப்படியும் துணி காயும், வேலை இருக்கிறது என்ற தைரியம் இருந்தது. மறு வருஷம் செய்த இரண்டாவது ஆபரேஷனில் ஓட்டை பெரும்பாலும் அடைபட்டது. எந்நேரமும் ஒழுகுவது நின்றது. மிச்சம் இருப்பதோடு நான் வாழப் பழகிவிட்டேன். இன்னொரு மகளும் பிறந்தாள், வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள்.

கிரேஸ் அக்கா இன்றும் என்னோடு அதிகம் பேசுவதில்லை. அது அவர் விருப்பம். நான் முன் வரிசையில்தான் உட்காருகிறேன்.

சகோதரிகளே, சகோதரர்களே, இதில் அற்புதம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பெண் எங்கள் ஆராதனைக்கு வந்து காது கொடுத்தாள். ஒரு மிஸ்ஸி என்னைத் தொட்டார். கூச்சத்திலேயே வளர்ந்த எனக்கு இருநூறு பேர் முன்னால் நாவின் கட்டு அவிழ்ந்தது. இதெல்லாம் தானாக நடந்ததென்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். சுகம் கிடைத்தவர்களுக்கு மட்டும்தான் சாட்சி சொல்ல உரிமை என்றால், பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு சாக வேண்டியதுதான். நான் மூட மாட்டேன்.

போன மாதம் கோலா தெர்லா பக்கம் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் இளம்பெண் என்னைத் தேடி வந்தாள். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு அவளுக்கு அடக்க முடிவதில்லை. புருஷனுக்குக்கூடத் தெரியாது. இருவரும் ஜெபித்தோம். ஜெபித்து முடித்ததும், "எழுந்திரு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர், "என்ன வியாதி?" என்று கேட்டார். பின்னால் நீளமாக வரிசை நின்றது. அவள் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்காக நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என் கையை அழுத்தி நிறுத்தினாள். தலையை நிமிர்த்தி, வரிசை முழுக்கக் கேட்கும்படி, தன் வியாதியைத் தானே சொன்னாள்.

இதைப் படிக்கிற உங்களில் யாரோ ஒருத்தி இப்போது ஈரத் துணியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மகளே, கர்த்தரிடம் கேள். உனக்கு வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேள், கோபம் வந்தால் கோபமாகவே கேள். அப்புறம் நாற்று மேட்டுக்கு வந்து லில்லி யார் என்று கேள். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. தானா ராத்தா பஸ் காலை ஏழரைக்கு வரும். உனக்கு என் பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைக்கிறேன்.